கருத்தடை முடிந்த முயல்: வீட்டில் நாம் செய்யும் தவறுகள்

முயலுக்குக் கருத்தடை செய்தாயிற்று, இனி சுவரில் சிறுநீர் அடிக்காது, காலைச் சுற்றிச் சுற்றி வந்து கடிக்காது என்று நம்பித்தான் வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். மூன்றாம் நாளே அது சோபா மூலையை நனைத்துவிட்டால் மனம் உடைந்துபோகிறது. ஆபரேஷன் வீண் என்று அப்போதே முடிவு கட்டிவிடாதீர்கள். ஹார்மோன் வேகம் அடங்க 4 முதல் 6 வாரம் பிடிக்கும், சில பெண் முயல்களுக்கு 2 மாதம்கூட ஆகும். முதல் வாரத்தில் வலியும் சேர்ந்துகொள்வதால் சில முயல்கள் முன்பைவிட அதிகமாகச் சிடுசிடுக்கும்.

ஆண் முயல் அமைதியாகிவிட்டது என்று பத்தாம் நாளே பெண் முயலோடு விட்டுவிடுவது அடுத்த தவறு. விதைகளை எடுத்த பிறகும் நாளங்களில் தங்கியிருக்கும் விந்தணுக்களால் சில வாரங்களுக்குச் சினைப்படுத்த முடியும். பெண் முயலுக்குக் கருத்தடை ஆகவில்லை என்றால் 6 வாரமாவது இரண்டையும் பிரித்து வையுங்கள். முயலின் சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள்தான். பெண் முயலுக்கு இணை சேர்வதே கருமுட்டை வெளிவரத் தூண்டுதல் என்பதால் ஒரே ஒரு முறை சேர்ந்தாலும் போதும்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது, வலியைக் குணமாற்றம் என்று எண்ணிக்கொள்வது. ஆபரேஷன் முடிந்து வந்த முயல் மூலையில் குறுகி உட்கார்ந்திருக்கும். கண் பாதி மூடியிருக்கும், பல்லை நறநறவென்று கடிக்கும், வயிற்றைத் தரையில் அழுத்திக்கொள்ளும். "நம்மேல் கோபம், இரண்டு நாளில் சரியாகிவிடும்" என்று வீட்டில் சொல்வார்கள். அது கோபம் இல்லை, வலி. வலி வந்தால் முயல் சாப்பாட்டை நிறுத்தும், சாப்பாடு நின்றால் குடல் இயக்கம் நிற்கும், அது உயிருக்கே ஆபத்து. வீட்டுக்கு வந்ததிலிருந்து புழுக்கைகளைக் கவனித்துக்கொண்டே இருங்கள். 12 மணி நேரத்துக்குள் சாப்பிடவும் இல்லை, புழுக்கையும் போடவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். நாம் போட்டுக்கொள்ளும் வலி மாத்திரையை உடைத்துக் கொடுக்கவே கூடாது. அப்புறம், நாய் பூனைக்குச் செய்வதுபோல ஆபரேஷனுக்கு முந்தைய இரவு பட்டினி போடுவதும் தவறு. முயலால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் அந்தப் பட்டினிக்குத் தேவையே இல்லை.

காயத்தை நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டிவிடுவதையும் மருத்துவர் சொன்னால் மட்டும் செய்யுங்கள். முயல் தன் மென்மையான புழுக்கைகளை வாய் வைத்து நேரடியாக எடுத்துச் சாப்பிடும் பிராணி. கூம்பு அதைத் தடுத்து, பாவம், அதை இன்னும் மிரளவைக்கும்.

ஜோடியாக வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்றை மட்டும் மருத்துவமனைக்குக் கொண்டுபோய் வந்தால் அதன் மேல் வேற்று வாசனை ஏறியிருக்கும். நேற்றுவரை ஒட்டிப் படுத்திருந்த துணையே அதை அந்நியன் என்று நினைத்துத் துரத்திக் கடிக்கலாம். இது ஹார்மோன் சண்டை இல்லை. முடிந்தால் இரண்டையும் சேர்த்தே கூட்டிப் போங்கள். இல்லாவிட்டால் ஒன்றின் விரிப்பை மற்றதன் கூண்டில் மாற்றிப் போட்டு, அருகருகே வைத்து, வாசனை பழகிய பிறகு சேருங்கள்.

சரி, 2 மாதம் ஆகியும் கண்ட இடத்தில் சிறுநீர் போகிறது என்றால்? வளர்ந்த பிறகு கருத்தடை செய்த முயலுக்குச் சில செயல்கள் பழக்கமாகவே ஊறிப்போயிருக்கும். திட்டுவதும் தண்ணீர் தெளித்து விரட்டுவதும் அதற்கு உங்கள்மேல் பயத்தைத்தான் வளர்க்கும். பழைய கறையை வினிகர் கலந்த தண்ணீரால் துடையுங்கள். கழிவுப் பெட்டியை அது விரும்பிப் போகும் மூலையிலேயே வைத்து, பெட்டியின் ஒரு பக்கம் உலர்புல்லை நிரப்புங்கள். புல்லை மென்றுகொண்டே புழுக்கை போடுவது முயலின் இயல்பு, அதுவே பாதி வேலையை முடித்துவிடும்.

மண்ணைத் தோண்டுவது, வயரைக் கடிப்பது இரண்டும் அதன் பிறவிக் குணம், கருத்தடையால் போகாது. தூக்கினால் திமிறுவதும் அப்படித்தான்.

எடையையும் கவனியுங்கள். கருத்தடைக்குப் பிறகு உடம்பு எளிதாகப் பெருக்கும், பெல்லட்டை (கடையில் விற்கும் குச்சித் தீவனம்) குறைத்து உலர்புல்லைத் தாராளமாகக் கொடுங்கள்.

நல்லபடியாக அடங்கிய முயல் பல மாதம் கழித்துத் திடீரென்று கடிக்க ஆரம்பித்தால் முதலில் பல்லையும் கால் மூட்டுகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள். பெண் முயல் மறுபடி மார்பு முடியைப் பிடுங்கிக் கூடு கட்டினால், சினைப்பையின் துணுக்கு ஏதாவது உள்ளே தங்கிவிட்டதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.