இரண்டு டிவைஸ், ஒரே முகவரி மாற்றி: விஹோஸ்ட்-யூசர் எழுதுவோருக்கு ஒரு செய்முறை

விர்ச்சுவல் மெஷின் ஒன்றுக்காக ஹோஸ்ட் பக்கம் ஓடும் இரண்டு விஹோஸ்ட்-யூசர் டிரைவர்களை எழுதினேன். விஹோஸ்ட்-யூசர் என்பது, க்யூஎமுவுக்கு வெளியே தனிப் புராசஸாக (பேக்எண்ட்) ஓடி மெஷினுக்கு டிவைஸ் தரும் முறை. ஒன்று பிளாக் டிவைஸ், இன்னொன்று நெட்வொர்க். இரண்டின் வேலையும் வேறு வேறு. ஆனால் கெஸ்ட் (மெஷினுக்குள் ஓடும் சிஸ்டம்) கொடுக்கும் முகவரியை நம் புராசஸில் செல்லுபடியாகும் பாயிண்டராக மாற்றும் கோடு (நிரல்) மட்டும் இரண்டிலும் ஒன்றே. அதை காப்பி-பேஸ்ட் செய்தாலும் அன்றைக்கு எல்லாம் ஓடும். பிறகு ஒன்றில் திருத்திய பிழை மற்றதில் அப்படியே கிடக்கும். இந்த இடத்துப் பிழைகளோ, கெஸ்ட்டுக்கு ஹோஸ்ட் புராசஸின் மெமரியையே திறந்துவிடக்கூடியவை. ஆகவே அதைத் தனி லைப்ரரியாகப் பிரித்துவிடுவது நல்லது.

சி மொழியும் லினக்ஸும் தெரியும், க்யூஎமு ஓட்டிப் பார்த்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். விர்ட்-ஐஓ ரிங் (கெஸ்ட்டும் டிவைஸும் வேலைகளைப் பரிமாறிக்கொள்ளும், பகிர்ந்த மெமரியில் உள்ள வரிசை) எப்படி வேலை செய்கிறது என்பதற்குள் போகவில்லை.

படி 1: சோதனை மெஷினை 4 ஜிபியில் வையுங்கள்

க்யூஎமுவில் மெஷின் வகை கியூ35, மெமரி 4 ஜிபி, மெமரி பேக்எண்ட் மெம்எஃப்டி (டிஸ்க்கில் இல்லாமல் மெமரியில் மட்டும் இருக்கும் ஃபைல்), ஷேர் ஆன். ஷேர் ஆன் இல்லையென்றால் கெஸ்ட் எழுதுவது க்யூஎமுவின் தனிப் பிரதிக்குப் போய்விடும், உங்கள் புராசஸ் அதைப் பார்க்கவே முடியாது. ஹியூஜ்பேஜ் (வழக்கத்தைவிடப் பெரிய மெமரி பேஜ்) எல்லாம் வேகம் அளக்கும் கட்டத்தில் போதும். கோடு எழுதும் நாட்களில் மெம்எஃப்டியே என் தேர்வு. மவுண்ட் செய்யவும் வேண்டாம், முன்கூட்டியே ஒதுக்கவும் வேண்டாம்.

ஏன் 4 ஜிபி என்று அழுத்திச் சொல்கிறேன்? 1 ஜிபி மெஷினில் எல்லா மெமரியும் 4 ஜிபி எல்லைக்குக் கீழேயே அடங்கிவிடும். அடுத்த படியில் வரும் பிழை அங்கே தலைகாட்டாது.

படி 2: மெமரி டேபிளைப் படிப்பது

செட் மெம் டேபிள் என்ற செய்தி யூனிக்ஸ் சாக்கெட் வழியாக வரும். அதில் ஒவ்வொரு பகுதிக்கும் நான்கு எண்கள்: கெஸ்ட் பிசிக்கல் முகவரி, அளவு, க்யூஎமு புராசஸில் அந்தப் பகுதி இருக்கும் முகவரி, எம்மேப் ஆஃப்செட். கூடவே பகுதிக்கு ஒரு ஃபைல் டிஸ்கிரிப்டர்.

கியூ35-இல் 4 ஜிபி கொடுத்தால் மெமரி இரண்டாக உடைகிறது. முதல் 2 ஜிபி, கெஸ்ட் முகவரி 0-இல் தொடங்கும். அடுத்த 2 ஜிபி, 4 ஜிபி என்ற முகவரியில் தொடங்கும். நடுவில் உள்ள இடைவெளி பிசிஐ டிவைஸ்களுக்கானது. இரண்டும் ஒரே மெம்எஃப்டிதான், அதனால் இரண்டாம் பகுதியின் ஆஃப்செட் 2 ஜிபி. தொடக்கத்தில் 640 கேபி அருகே உள்ள பழைய விஜிஏ இடைவெளியால் முதல் பகுதி மேலும் உடைந்தும் வரலாம். எத்தனை பகுதி வரும் என்று கோடில் எங்கும் ஊகிக்காதீர்கள்.

இப்போது எம்மேப், அதாவது அந்த ஃபைலை நம் புராசஸின் மெமரியில் மேப் செய்யும் அழைப்பு. ஆஃப்செட்டை எம்மேப்பின் ஆஃப்செட் வாதமாகவே கொடுத்துவிடத் தோன்றும். வேண்டாம். அது பேஜ் அளவின் மடங்காக இருந்தாக வேண்டும், ஹியூஜ்பேஜ் என்றால் அந்தப் பெரிய பேஜின் மடங்காக. க்யூஎமுவோடு வரும் லிப்விஹோஸ்ட்-யூசர் லைப்ரரி முன்பு செய்ததையே செய்யுங்கள்: ஃபைலின் 0-இலிருந்து, அளவு கூட்டல் ஆஃப்செட் நீளத்துக்கு மேப் செய்து, ஆஃப்செட்டைப் பிறகு பாயிண்டரில் கூட்டிக்கொள்ளுங்கள். மேப்பை அவிழ்க்கும்போது அதே முழு நீளம் வேண்டும் என்பதால் அதையும் சேமித்து வையுங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். கெஸ்ட் தரும் முகவரி 4 ஜிபி + 8192. இரண்டாம் பகுதியின் தொடக்கத்தைக் கழித்தால் 8192. நம் பாயிண்டர்: மேப்பின் அடி + 2 ஜிபி + 8192. நடுவில் உள்ள 2 ஜிபியை விட்டுவிட்டால் என்ன ஆகும்? புராசஸ் விழாது. அந்த இடமும் மேப் ஆன இடம்தான். ஆனால் அது கெஸ்ட்டின் 8192-ஆவது பைட், வேறு யாருடைய டேட்டாவோ. சத்தமில்லாமல் தவறான டேட்டா டிஸ்க்குக்குப் போகும். செக்மெண்டேஷன் ஃபால்ட் வந்தால்கூடப் பரவாயில்லை, இது அதைவிட மோசம்.

படி 3: மாற்றி ஒன்றல்ல, இரண்டு

என்னை அதிகம் யோசிக்க வைத்த இடம் இது. ஒரே வீட்டுக்குப் பழைய கதவு எண், புதிய கதவு எண் என்று இரண்டு இருப்பதுபோல, ஒரே மெமரிக்கு இங்கே இரண்டு வெளி முகவரிகள். ரிங் எங்கே இருக்கிறது என்று சொல்லும் செட் விரிங் அட்ரெஸ் செய்தியில் வருவது க்யூஎமு புராசஸின் முகவரி. அந்த ரிங்குக்குள் இருக்கும் டிஸ்கிரிப்டர்களில் (ஒவ்வொரு பஃபரின் முகவரியையும் நீளத்தையும் சொல்லும் பதிவுகள்; ஃபைல் டிஸ்கிரிப்டர் அல்ல) வருவதோ கெஸ்ட் பிசிக்கல் முகவரி. இரண்டும் 64 பிட் எண்கள். ஒன்றை மற்றதன் இடத்தில் கொடுத்தால் கம்பைலர் வாயே திறக்காது.

டிபக் செய்யும்போது ஒரு அடையாளம் உண்டு: எக்ஸ்86 ஹோஸ்ட்டில் டெசிமலில் 15 இலக்கம் இருந்தால் அநேகமாக க்யூஎமு முகவரி. ஆனால் கண்ணை நம்பி இருப்பதைவிட டைப்பை நம்புவது மேல். கெஸ்ட் முகவரிக்கு ஒரு ஸ்ட்ரக்ட், க்யூஎமு முகவரிக்கு ஒரு ஸ்ட்ரக்ட், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு 64 பிட் புலம். மாற்றியும் தனித்தனி. க்யூஎமு முகவரி மாற்றி ரிங் அமைக்கும்போது மட்டும் ஓடும். கெஸ்ட் முகவரி மாற்றி ஒவ்வொரு டிஸ்கிரிப்டருக்கும் ஓடும்.

படி 4: நீளம் இல்லாமல் பாயிண்டர் இல்லை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். முகவரியை வாங்கி வெறும் பாயிண்டரைத் திருப்பும் ஃபங்ஷனை எழுதாதீர்கள். வேகமான நெட்வொர்க் வேலைக்கான டிபிடிகே தொகுப்பின் விஹோஸ்ட் லைப்ரரியில் அப்படி ஒன்று இருந்தது. தொடக்க முகவரி மேப் ஆகியிருக்கிறதா என்று பார்த்தது, கேட்ட நீளம் முழுவதும் தொடர்ச்சியாக மேப் ஆகியிருக்கிறதா என்று பார்க்கவில்லை. தீய எண்ணம் கொண்ட கெஸ்ட், பகுதியின் விளிம்பில் ஒரு பஃபரைக் காட்டி பேக்எண்ட் புராசஸின் மெமரியை எட்ட முடிந்தது. பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் அதன் எண் சிவிஇ-2018-1059, 18.02.1-க்கு முந்தைய பதிப்புகள் அனைத்திலும் இருந்தது. நீளத்தையும் கேட்கும் புதிய ஃபங்ஷன் வந்த பிறகு பழையது கைவிடப்பட்டது. பகிர்ந்த கோடில் பிழை இருந்தால் அதைப் பயன்படுத்தும் அத்தனை டிவைஸுக்கும் அது போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். திருத்தமும் ஒரே இடத்தில் முடியும் என்பதுதான் நமக்குச் சாதகம்.

ஃபங்ஷனின் உடல் இவ்வளவுதான்:

மாற்று (மேப், கெஸ்ட்முகவரி, நீளம், துண்டுகள்)
  நீளம் மிச்சம் இருக்கும்வரை:
    பகுதி = தேடு (மேப், கெஸ்ட்முகவரி)
    பகுதி இல்லை, அல்லது துண்டுகள் நிரம்பின → பிழை
    உள்ளே = கெஸ்ட்முகவரி − பகுதி.தொடக்கம்
    எடு = சிறியது (நீளம், பகுதி.அளவு − உள்ளே)
    துண்டு சேர்: பகுதி.மேப்அடி + பகுதி.ஆஃப்செட் + உள்ளே, எடு
    கெஸ்ட்முகவரி += எடு; நீளம் −= எடு

முகவரி 2 ஜிபிக்கு 1024 பைட் முன்னால், நீளம் 4096 என்று வந்தால்? முதல் சுற்றில் 1024 பைட் கிடைக்கும். அடுத்த சுற்றில் 2 ஜிபி என்ற முகவரிக்குப் பகுதி இல்லை, பிழை. பக்கத்துப் பகுதி உண்மையிலேயே ஒட்டி இருந்தால் இரண்டு துண்டாக வரும், அதை அப்படியே, பல துண்டுகளை ஒரே அழைப்பில் ஏற்கும் ரீட்வி, ரைட்விக்குக் கொடுக்கலாம்.

தேடு ஃபங்ஷனில் முகவரி தொடக்கத்தைவிடக் குறையவில்லை என்று பார்த்த பிறகு, கழித்து ஒப்பிடுங்கள். தொடக்கத்தோடு அளவைக் கூட்டி ஒப்பிட்டால் 64 பிட் வழிந்துவிட வாய்ப்பு உண்டு. டிஸ்கிரிப்டரை ஒரே ஒரு முறை உள்ளூர் மாறிக்குக் காப்பி செய்து, அந்தக் காப்பியைச் சோதித்து அதையே பயன்படுத்துங்கள். நீங்கள் சோதித்த மறுகணமே கெஸ்ட் அசலை மாற்றலாம். இன்டைரக்ட் டேபிளின் (ரிங்குக்கு வெளியே கெஸ்ட் வைக்கும் டிஸ்கிரிப்டர் பட்டியல்) முகவரியும் இதே ஃபங்ஷன் வழியாகவே போக வேண்டும்.

எட்டுப் பத்துப் பகுதிகளுக்கு வரிசையாகத் தேடினாலே போதும். கடைசியாகக் கிடைத்த பகுதியை நினைவில் வைத்தால் இன்னும் வேகம்.

படி 5: டேபிள் மாறும் நேரம்

கெஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெமரி ஹாட்பிளக் செய்தால் (மெமரியைக் கூட்டினால்) புதிய டேபிள் வரும். நெட்வொர்க் த்ரெட் கையில் பழைய பாயிண்டர் இருக்கும்போது பழைய மேப்பை அவிழ்த்தால் கதை முடிந்தது. மேப்பை மாற்ற முடியாத பொருளாக வைத்து, ரெஃபரன்ஸ் கவுண்ட்டோடு புதியதை மாற்றி வைப்பது என் வழி. ஒவ்வொரு ஐ/ஓவும் முடியும்வரை தான் தொடங்கிய மேப்பைப் பிடித்திருக்கும். டிவைஸ் கோடு பாயிண்டரைத் தன் ஸ்ட்ரக்ட்டில் சேமித்து வைக்கக் கூடாது என்பது இந்த லைப்ரரியின் விதி. ரிங்கின் பாயிண்டர்கள் மட்டும் விதிவிலக்கு. புதிய டேபிள் வந்ததும் அவற்றை மறுபடி கணக்கிடுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறீர்கள், ரஸ்ட் மொழி தெரியும் என்றால் இதையெல்லாம் கையால் எழுதவே வேண்டாம். ரஸ்ட்-விஎம்எம் திட்டத்தின் விஎம்-மெமரி கிரேட்டை (ரஸ்ட் லைப்ரரி) எடுத்துக்கொள்ளுங்கள். விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் ஃபயர்கிராக்கரும் கிளவுட் ஹைப்பர்வைசரும் அதைத்தான் பயன்படுத்துகின்றன.

படி 6: விர்ச்சுவல் மெஷின் இல்லாமலே சோதனை

ஒரு மெம்எஃப்டி, அதில் கையால் கட்டிய இரண்டு பகுதிகள், நடுவில் இடைவெளி. ஒவ்வொரு பேஜின் தொடக்கத்திலும் அதன் கெஸ்ட் முகவரியையே எழுதி, மாற்றி வழியாகப் படித்துப் பாருங்கள். ஆஃப்செட் பிழை முதல் ஓட்டத்திலேயே பிடிபடும். விளிம்பில் முடியும் பஃபர், ஒரு பைட் தாண்டும் பஃபர், 64 பிட்டின் உச்சியில் தொடங்கும் முகவரி ஆகிய மூன்றும் கட்டாயம்.

பிற்சேர்க்கை: லைவ் மைக்ரேஷன் (ஓடும் மெஷினை வேறு ஹோஸ்ட்டுக்கு மாற்றுவது) செய்தபின் டேட்டா கெடுகிறது என்று வாசகர் சிலர் எழுதினார்கள். கெஸ்ட் மெமரியில் நாம் எழுதும் ஒவ்வொரு 4096 பைட் பேஜையும், எந்தப் பேஜ் மாறியது என்று மைக்ரேஷனுக்குச் சொல்லும் லாக்கில் குறிக்க வேண்டும், அந்த லாக் கெஸ்ட் பிசிக்கல் முகவரிப்படி அமைந்தது. பாயிண்டர் கிடைத்ததும் அசல் முகவரியைத் தொலைத்துவிட்டால் குறிக்க வழியில்லை. அதனால் ஒவ்வொரு துண்டிலும் கெஸ்ட் முகவரியையும் சேர்த்து வையுங்கள்.

இன்னொன்று: கெஸ்ட்டில் விஐஓஎம்எம்யூவை (டிவைஸ் பயன்படுத்தும் முகவரிகளை மாற்றித் தரும் விர்ச்சுவல் யூனிட்) இயக்கி, விர்ட்-ஐஓவின் அக்செஸ் பிளாட்ஃபார்ம் அம்சத்தையும் ஒப்புக்கொண்டால் படி 3-இல் சொன்னது மாறும். ரிங்குகள், டிஸ்கிரிப்டர்கள் இரண்டிலும் வருவது ஐ/ஓ விர்ச்சுவல் முகவரி. அதை மாற்ற ஐஓடிஎல்பி என்ற இன்னொரு அட்டவணை தேவை. லினக்ஸ் கர்னல் இதையும் பிரித்தெடுத்தே வைத்திருக்கிறது: 2020-இல் வந்த 5.7 பதிப்பில் விஹோஸ்ட்டின் ஐஓடிஎல்பி கோடு தனி மாட்யூலாகி, கர்னலின் வேறு இரு பகுதிகளான விரிங்ஹெச்சும் (ஹோஸ்ட் பக்க ரிங் கோடு) விடிபிஏ சிமுலேட்டரும் (சோதனைக்கான போலி விர்ட்-ஐஓ டிவைஸ்) அதையே பயன்படுத்தத் தொடங்கின. அந்த ஃபைல் சிறியது. உங்கள் லைப்ரரியில் ஐஓடிஎல்பி சேர்க்கும் முன் அதை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.