மீன்குழம்புக்கு எந்த ஒயின்? முதல்முறை பாட்டில் வாங்குபவர்களுக்கு

ஊரில் 'ஒயின் ஷாப்' என்று பலகை மாட்டியிருக்கும் கடையில் ஒயினைத் தவிர எல்லாம் கிடைக்கும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்துக்கு வேலைக்கு வந்தவன் நான். இங்கே பால் வாங்கப் போகிற சூப்பர் மார்க்கெட்டிலேயே ஒரு சுவர் முழுக்க ஒயின் நிற்கிறது. சாப்பிடக் கூப்பிட்டால் ஆளுக்கொரு பாட்டிலோடு வருகிறார்கள். அதை நம் வீட்டுச் சாப்பாட்டோடு திறக்கும்போதுதான் சிக்கல்.

வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரை அழைத்திருந்தேன். கடைக்காரர் சொன்னதைக் கேட்டு 35 யூரோவுக்கு பிரான்ஸின் போர்தோ பகுதிச் சிவப்பு ஒயின் ஒன்று வாங்கி வைத்தேன். சமையல் வஞ்சிர மீன்குழம்பு, நல்லெண்ணெய் மிதக்க. ஒரு வாய் குழம்பு, ஒரு மடக்கு ஒயின். துருப்பிடித்த ஆணியைச் சப்பியது போல இருந்தது. விருந்தாளிகள் நாகரிகமாகத் தண்ணீருக்கு மாறினார்கள். சிவப்பு ஒயினில் இருக்கும் இரும்புச்சத்து மீன் கொழுப்போடு சேர்ந்தால் அந்தக் கவிச்சி கிளம்பும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். மிளகாய் வேறு ஒயினின் துவர்ப்பை இரட்டிப்பாக்கிவிட்டது.

'மீனுக்கு வெள்ளை, கறிக்குச் சிவப்பு' என்ற பழைய விதி உங்கள் காதுக்கும் எட்டியிருக்கும். அது மீனை வெண்ணெயில் வாட்டி எலுமிச்சை பிழிந்து சாப்பிடுகிறவர்களின் விதி. நமக்கு மீனா கறியா என்பது இரண்டாவது கேள்வி. குழம்பில் தூக்கலாக நிற்பது புளியா, தேங்காயா, மிளகாயா, மிளகா என்பதுதான் முதல் கேள்வி. கீழே உள்ளதெல்லாம் அதைச் சுற்றித்தான்.

முதல் படி: பாட்டிலுக்கு முன்னால் அஞ்சறைப்பெட்டி

ஒரு மாலை இதைச் செய்து பாருங்கள், அரை மணி நேரம் போதும். ஏதாவது ஒரு வெள்ளை ஒயின், ஒரு சிவப்பு ஒயின், விலை மலிவாக இருந்தாலும் சரி. ஒரு தட்டில் ஒரு சிட்டிகை உப்பு, நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்த தண்ணீர் ஒரு கரண்டி, கொஞ்சம் சர்க்கரை, நுனிவிரலில் ஒட்டும் அளவு மிளகாய்த்தூள். ஒவ்வொன்றையும் நாக்கில் வைத்து, உடனே ஒரு மடக்கு ஒயின். இடையில் தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள்.

உப்புக்குப் பிறகு ஒயின் சாந்தமாகும், கசப்பு அடங்கும். புளிக்குப் பிறகு, சற்றுமுன் புளித்த அதே வெள்ளை ஒயின் இனிப்பாகவும் பழவாசனையோடும் தெரியும். சர்க்கரைக்குப் பிறகு நேர் எதிர்: ஒயின் வெளிறிப்போய் எலுமிச்சைச் சாறு மாதிரி கூசும். மிளகாய்த்தூளைக் கடைசியாக, சிவப்பு ஒயினோடு முயலுங்கள். ஒயினின் ஆல்கஹால் தொண்டையைச் சுடும், துவர்ப்பு நாக்கை இழுக்கும். மிளகாயின் காரம் நாக்கில் சூட்டை உணரும் நரம்பைத் தூண்டிவிடுகிறது. ஆல்கஹாலும் அதே நரம்பைத்தான் தூண்டுகிறது. எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றிய கதை.

இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. ஒயின் வகுப்புகளில் 'டானின்' என்றால் என்ன என்று புரியவைக்கவே நேரம் பிடிக்கும். நமக்கு அது துவர்ப்பு, அவ்வளவுதான். நாவல்பழம் தின்றால், கொட்டைப்பாக்கு மென்றால் வாய் இழுக்குமே, அதுதான். திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வருகிறது. சிவப்பு ஒயினைத் தோலோடு நொதிக்க விடுகிறார்கள், அதனால் அதில் அதிகம்.

இன்னொன்று, எனக்கு இன்றும் ஆச்சரியம் தருவது. புளியில் முக்கியமாக இருக்கும் அமிலமும் திராட்சையின் முக்கிய அமிலமும் ஒன்றே, டார்டாரிக் அமிலம். குளிர வைத்த வெள்ளை ஒயினின் அடியில் சில சமயம் கண்ணாடித் தூள் போலப் படிகங்கள் கிடக்கும். பயந்து கொட்டிவிடாதீர்கள், அந்த அமிலத்தின் உப்புதான் அது. ஒயினும் மீன்குழம்பும் ஒருவகையில் பங்காளிகள்.

இரண்டாம் படி: லேபிளில் ஒரே ஒரு எண்

ஆக, புளியும் காரமும் சேர்ந்த சாப்பாட்டுக்கு வேண்டியது மூன்று: நல்ல புளிப்பு, கொஞ்சம் இனிப்பு, குறைந்த ஆல்கஹால். மூன்றும் ஒரே பாட்டிலில் கிடைக்கும். பெயர் ரீஸ்லிங். ஜெர்மனியின் மோசல் நதிக்கரையில், செங்குத்தான கரும்பலகைக்கல் சரிவுகளில் விளைகிற வெள்ளைத் திராட்சை.

ஆனால் ஜெர்மன் லேபிளைப் பார்த்தால் ரயில்வே டைம்டேபிள் மாதிரி இருக்கும். எல்லாவற்றையும் படிக்கத் தேவையில்லை. மூலையில் பொடி எழுத்தில் ஆல்கஹால் சதவீதம் இருக்கும், அதை மட்டும் பாருங்கள். திராட்சையின் சர்க்கரையைத்தான் ஈஸ்ட் ஆல்கஹாலாக மாற்றுகிறது. பாதியில் நிறுத்திவிட்டால் சர்க்கரை மிச்சம், ஆல்கஹால் குறைவு. ரீஸ்லிங்கில் 8 அல்லது 9 என்றிருந்தால் இனிப்பு தெரியும். 10.5, 11 என்றால் லேசான இனிப்பு. 12-க்கு மேல் போனால் பெரும்பாலும் இனிப்பே தெரியாத வகை.

'டிராக்கன்' என்று எழுதியிருந்தால் இனிப்பு இல்லை, லிட்டருக்கு அதிகபட்சம் 9 கிராம் சர்க்கரை. 'ஹால்ப்டிராக்கன்' 18 கிராம் வரை போகும். 'ஃபைன்ஹெர்ப்' என்ற சொல்லுக்குச் சட்டத்தில் அளவு கிடையாது, ஏறக்குறைய அதே ரகம்தான்; என் வீட்டில் அதிகம் புழங்குவதும் இதுதான். 'கபினெட்', 'ஸ்பேட்லேஸே', 'ஔஸ்லேஸே' என்பவை பறிக்கும்போது பழம் எவ்வளவு பழுத்திருந்தது என்பதன் படிநிலை. பாட்டிலில் எவ்வளவு இனிப்பு என்பதை அவை சொல்வதில்லை. ஸ்பேட்லேஸே டிராக்கன் என்றுகூட வரும். இதில் ஏமாந்தவர்கள் பலர், நானும்தான். குழப்பமாக இருந்தால் அந்த எண்ணுக்கே திரும்புங்கள்.

உயர்ந்த ரகம் வேண்டுமென்றால் பாட்டிலின் கழுத்து உறையைப் பாருங்கள். திராட்சைக் கொத்தை நெஞ்சில் தாங்கிய கழுகுச் சின்னம் இருந்தால், அது 1910-இல் தொடங்கிய ஃபாவ்டேபே (VDP) என்ற திராட்சைத் தோட்டக்காரர்கள் சங்கத்தைச் சேர்ந்தது. தோட்டங்களில் பெரிய பெயர்களில் ஒன்று வேலனர் சோனனூர். இதைப் பிரித்துப் படித்தால் பயம் போய்விடும்: வேலன் என்பது ஊர், 'அர்' என்பது நம் மதுரைக்காரர், தேனிக்காரர் போல, சோனனூர் என்றால் சூரியக் கடிகாரம். 1842-இல் அந்தச் சரிவில் ஒரு சூரியக் கடிகாரம் கட்டினார்கள், இன்றும் நிற்கிறது. அந்தத் தோட்டத்து கபினெட் ஒன்று, இறால் தொக்கு, சுடுசோறு. வேறு எதுவும் வேண்டாம் எனக்கு.

சைவர்களுக்கு ஒரு குறிப்பு: ஒயினைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கரு, ஜெலட்டின், மீனின் காற்றுப்பை இவற்றைப் பயன்படுத்துவது உண்டு. 'வீகன்' என்று அச்சிட்ட பாட்டிலாகப் பார்த்து எடுங்கள்.

மூன்றாம் படி: குழம்பைப் பார்த்து ஒயின்

புளிக்குழம்பு வகையறா முதலில். மீன்குழம்பு, வத்தக்குழம்பு, காரக்குழம்பு எல்லாவற்றுக்கும் 8, 9 சதவீத மோசல் கபினெட். சாம்பாரில் பருப்பு காரத்தை மட்டுப்படுத்திவிடுவதால் ஃபைன்ஹெர்ப் போதும். ஒயினின் புளிப்பு குழம்பின் புளிப்பைவிடக் குறைந்துவிடக் கூடாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும். குறைந்தால் ஒயின் பச்சைத்தண்ணீர். இந்தியாவில் இருக்கிறவர்கள் மோசலைத் தேடி அலைய வேண்டாம், நாசிக்கில் தயாராகும் சுலா நிறுவனத்தின் செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினில் லேசான இனிப்பும் புளிப்பும் உண்டு, அதிலிருந்து தொடங்கலாம்.

தேங்காய் அரைத்த குருமா, சொதி என்று வந்தால் கணக்கு மாறுகிறது. இங்கே வாசனைக்கு வாசனை. கெவூர்ட்ஸ்ட்ராமினர் என்று ஒரு திராட்சை, பிரான்ஸின் அல்சாஸிலும் ஜெர்மனியின் ஃபால்ஸிலும் விளைகிறது. ரோஜாப்பூவும் லிச்சியும் மணக்கும். பட்டை, கிராம்பு, ஏலக்காயோடு சண்டை போடாது. புளிப்பு குறைவு, ஆகவே புளிக்குழம்போடு வைத்துவிடாதீர்கள்.

இதே போல வாசனைத் திராட்சை இன்னொன்று, கெல்பர் முஸ்காடெல்லர். போன வருடம் அம்மா வந்திருந்தபோது ஒரு பாட்டில் திறந்தேன். குடிக்க மாட்டார். கிளாஸை மூக்கருகில் கொண்டுபோனார்.

"டேய், கம்பத்துப் பன்னீர் திராட்சைடா இது."

"அதேதாம்மா."

"அப்ப இதுக்கா இவ்வளவு காசு குடுத்த?"

அம்மாவின் மூக்கு சரிதான். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹம்பர்க் என்ற ரகம்; இதுவும் மஸ்கட் குடும்பம். சொந்தக்காரர்கள். தேங்காய்ச் சட்னியோடு குழிப்பணியாரம் சாப்பிடும்போது இதை டிராக்கன் வகையில் ஊற்றிப் பாருங்கள்.

சிவப்பு ஒயின் பிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், மட்டன் சுக்கா இருக்கிறது. ஆனால் மிளகாயைக் குறைத்து மிளகைக் கூட்டிச் செய்யுங்கள். காரணம் உண்டு: ரொட்டண்டோன் என்ற வாசனைப்பொருள்தான் மிளகுக்கு அந்த மணத்தைத் தருகிறது, சிரா என்ற திராட்சையின் ஒயினிலும் அதுவே இருக்கிறது. பிரான்ஸின் வடக்கு ரோன் பகுதி சிரா ஒன்றை எடுங்கள். அங்கே குரோஸ் எர்மிடாஜ் என்ற இடத்து ஒயின் கட்டுப்படியாகும். கறியின் கொழுப்பும் புரதமும் துவர்ப்பை வாங்கிக்கொள்ளும். மிளகாய் போட்டே தீருவேன் என்றால் துவர்ப்பு குறைந்த ஸ்பேட்பர்குண்டர், அதாவது பினோ நுவார், லேசாகக் குளிர வைத்து.

வடை, பஜ்ஜி, பக்கோடாவுக்கு ஸெக்ட், அதாவது ஜெர்மன் நுரை ஒயின். குமிழும் புளிப்பும் எண்ணெயை வழித்துக்கொண்டு போகும். இங்கே ஒரு பொறி இருக்கிறது: நுரை ஒயினில் 'டிராக்கன்' என்றால் லிட்டருக்கு 17 முதல் 32 கிராம் சர்க்கரை, இனிப்பாகவே இருக்கும். இனிப்பு வேண்டாதவர்கள் 'ப்ரூட்' எடுங்கள். காரச்சட்னி உண்டென்றால் அந்த டிராக்கனே பொருத்தம்.

ரசத்தோடு ஒயின் வேண்டாம். சூடான திரவமும் குளிர்ந்த திரவமும் ஒரே வாயில் எதற்கு? தயிர்சாதத்துக்கும் வேண்டாம், ஊறுகாய் கோபித்துக்கொள்ளும்.

இனிப்புக்கு ஒரே விதி, ஒயின் பலகாரத்தைவிட இனிப்பாக இருக்க வேண்டும். பாயசத்தைத் தாண்டும் ஒயின் அரிது, விட்டுவிடுங்கள். அதிரசத்துக்கு மட்டும் 10 வருட டானி போர்ட் என்ற போர்ச்சுகல் இனிப்பு ஒயின் ஒரு சின்னக் கிளாஸ். பீப்பாயிலேயே கிடந்து முதிர்ந்து வெல்லப்பாகு மணத்துக்கு வந்திருக்கும்.

நான்காம் படி: ஊற்றும் முன்

ரீஸ்லிங்கை 8 முதல் 10 டிகிரியில் குடிக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் 4, 5 டிகிரியில் இருக்கும், ஆகவே சோறு பரிமாறுவதற்குக் கால் மணி நேரம் முன்னால் வெளியே எடுங்கள். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் என்று சொல்வது குளிர்நாட்டுப் பழங்காலத்து அறையின் கணக்கு, 16 முதல் 18 டிகிரி. சென்னை மே மாதத்து அறையில் அது கஷாயம். ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரவிட்டு எடுங்கள்.

கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள், வாசனை தங்க இடம் வேண்டும். 750 மில்லி பாட்டிலில் 125 மில்லி வீதம் ஆறு கிளாஸ் வரும். பக்கத்தில் தண்ணீர் கட்டாயம், காரத்துக்கு ஒயினைத் தண்ணீர் மாதிரி குடித்துவிடுவோம். குழம்பும் கொதிக்கக் கொதிக்க வேண்டாம், ஆறவிட்டுப் பரிமாறுங்கள். சூடு அடங்கினால் காரமும் கொஞ்சம் அடங்கும்.

மிச்சத்தை அதே மூடியால் மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். நேற்றைய மீன்குழம்பும் நேற்றைய ரீஸ்லிங்கும் மறுநாள் மதியம், இட்லியோடு. வேலை நாளாக இருந்தால் இட்லி மட்டும்.