டெர்மினலில் கண்ட்ரோல்+எஸ் அழுத்தி மாட்டிக்கொண்டவர்களுக்கு

நேற்று அடித்த ஒரு நீளமான கட்டளை இன்று மறுபடியும் வேண்டும், கோப்பின் பெயர் மட்டும் வேறு. அதற்காக மேல் அம்புக்குறியை நாற்பது தடவை தட்டுகிறவரா நீங்கள்? அப்படியானால் இது உங்களுக்குத்தான். நானும் ரொம்ப நாள் அப்படித் தட்டிக்கொண்டிருந்தவன்தான்.

லினக்ஸ், பாஷ் ஷெல் (ஷெல் என்றால் நாம் அடிக்கும் கட்டளையை வாங்கி ஓட்டும் நிரல், பாஷ் அதில் ஒரு வகை). டெர்மினலைத் திறப்பதையெல்லாம் விளக்கப் போவதில்லை. கட்டளைகளை எழுத்தெழுத்தாகச் சொல்கிறேன், ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் கை பழக வேண்டும்

சாதாரண எடிட்டரில் தப்பு எங்கே இருக்கிறதோ அங்கே மவுஸால் கிளிக் செய்து திருத்துவோம். ஷெல்லில் கிளிக் செய்தால் பொதுவாகக் கர்சர் நகராது. நீங்கள் அடிக்கும் வரியைக் கவனித்துக்கொள்வது ரீட்லைன் என்ற நிரல். அது ஈமேக்ஸ் எடிட்டரின் வழக்கத்தைப் பின்பற்றுகிறது. அதனால் கண்ட்ரோல்+ஏ எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்காது, வரியின் தொடக்கத்துக்குப் போகும். கண்ட்ரோல்+இ வரியின் கடைசிக்கு. கண்ட்ரோல்+யு கர்சருக்கு இடப்பக்கம் இருப்பதை வெட்டும், கண்ட்ரோல்+கே வலப்பக்கம் இருப்பதை. கண்ட்ரோல்+டபிள்யூ முந்தைய சொல்லை மட்டும் வெட்டும். இது கையில் ஏறிவிட்டால் பிரவுசரில் ஜாக்கிரதை: அங்கே அதே விசைக்குப் பாதி நிரப்பிய படிவத்தோடு டேப் மூடிக்கொள்ளும். எனக்கு இன்னும் மூடிக்கொள்கிறது.

வெட்டியதை ஒட்ட கண்ட்ரோல்+ஒய். ஆனால் அது ரீட்லைனின் சொந்தப் பை. பிரவுசரில் காப்பி செய்தது அதில் இருக்காது. அதற்கு பெரும்பாலான டெர்மினல்களில் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+வி. பழக்கதோஷத்தில் கண்ட்ரோல்+சி அழுத்தினால் காப்பி ஆகாது, ஓடிக்கொண்டிருக்கும் வேலைதான் நிற்கும்.

டேப் விசை

பெயரின் முதல் இரண்டு மூன்று எழுத்து அடித்து டேப் தட்டுங்கள், மீதியை ஷெல்லே நிரப்பும். ஒன்றும் நடக்கவில்லையா? இன்னொரு தடவை தட்டினால் பொருந்தும் பெயர்கள் எல்லாம் வரிசையாக வரும். நான் நாலெழுத்துப் பெயருக்கும் டேப் தட்டுவேன், சோம்பேறித்தனத்தால் அல்ல. டேப் நிரப்பினால் அந்தக் கோப்பு அங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். இரண்டு தடவை தட்டியும் எதுவுமே வரவில்லை என்றால் நான் வேறு ஃபோல்டரில் நிற்கிறேன், அல்லது எழுத்துப்பிழை. என்டர் தட்டும் முன்பே தெரிவது எவ்வளவு நல்லது!

கண்ட்ரோல்+ஆர்

நாற்பது தடவை அம்புக்குறி தட்டியதற்கு மருந்து இது. கண்ட்ரோல்+ஆர் அழுத்திவிட்டு, பழைய கட்டளையில் நினைவிருக்கும் ஏதாவது நாலு எழுத்தை அடியுங்கள். நடுவில் வரும் எழுத்தாக இருந்தாலும் சரி. கடைசியாகப் பொருந்திய வரி தெரியும். அது வேண்டாம் என்றால் மறுபடி கண்ட்ரோல்+ஆர், இன்னும் பழையது வரும். கிடைத்ததும் அவசரப்பட்டு என்டர் தட்டாதீர்கள், அப்படியே ஓடிவிடும். வலது அம்புக்குறி தட்டினால் வரி கைக்கு வரும், திருத்திக்கொள்ளலாம். ஒன்றும் வேண்டாம் என்றால் கண்ட்ரோல்+ஜி.

நான் விழுந்த பள்ளம் இங்கேதான். வேகத்தில் கண்ட்ரோல்+ஆரை ஒரு தடவை கூடுதலாக அழுத்திவிட்டேன், வேண்டிய வரி தாண்டிப் போய்விட்டது. முன்பக்கம், அதாவது புதிய வரிகளை நோக்கித் திரும்பித் தேட கண்ட்ரோல்+எஸ் என்று எங்கோ படித்த ஞாபகம். அழுத்தினேன். திரை உறைந்தது. எழுத்து அடித்தால் வரவில்லை, என்டர் தட்டினாலும் அசைவில்லை. கணினி தொங்கிவிட்டது என்று நினைத்து விண்டோவையே மூடினேன். அதற்குள் ஓடிக்கொண்டிருந்த வேலையும் போயிற்று.

எதுவும் தொங்கவில்லை. டெலிடைப் (தட்டச்சு செய்ததைக் கம்பி வழியே அனுப்பும் பழைய இயந்திரம்) காலத்திலிருந்தே கண்ட்ரோல்+எஸ் என்றால் 'அனுப்புவதை நிறுத்து', கண்ட்ரோல்+க்யூ என்றால் 'தொடர்ந்து அனுப்பு'. விசைப்பலகைக்கும் ஷெல்லுக்கும் நடுவில் இருக்கும் டெர்மினல் டிரைவர் அந்த விசையை வழியிலேயே பிடித்துக்கொள்கிறது, ரீட்லைனுக்குப் போய்ச் சேருவதே இல்லை. ஆக, உறைந்தால் கண்ட்ரோல்+க்யூ, அவ்வளவுதான். ஒன்று மட்டும் கவனம்: உறைந்திருக்கும்போது பதற்றத்தில் தட்டியவை வரிசையில் காத்திருக்கும், விடுவித்ததும் மொத்தமாக உள்ளே போகும். என்டரும் சேர்த்துத்தான்.

நிரந்தரத் தீர்வு ஒரே வரி. எஸ்-டி-டி-ஒய் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, கழித்தல் குறி போட்டு, அதை ஒட்டியே ஐ-எக்ஸ்-ஓ-என். ஹோம் ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் பாஷ்ஆர்சி கோப்பின் கடைசியில் இதைச் சேர்த்து, புது டெர்மினல் திறங்கள். இனி கண்ட்ரோல்+எஸ் முன்பக்கம் தேடும்.

எஃப்இசட்எஃப் என்ற தேடல் கருவியைப் போட்டால் இதைவிட அழகாகத் தேடலாமே என்பீர்கள். என் கணினியில் அதுவும் இருக்கிறது. ஆனால் அடுத்தவர் சர்வரில் நுழைந்தால் அது இருக்கும் என்று சொல்ல முடியாது. வெறும் கண்ட்ரோல்+ஆர் முதலில் பழகட்டும்.

பின்சேர்க்கை: 'ஒரு விண்டோவில் அடித்ததை இன்னொன்றில் தேடினால் வரவில்லையே' என்று ஒருவர் கேட்டிருந்தார். வராதுதான். ஒவ்வொரு ஷெல்லும் தன் வரலாற்றை நினைவகத்தில் வைத்திருந்து, மூடும்போதுதான் கோப்பில் எழுதும். உடனே வேண்டுமானால் முதல் விண்டோவில் ஹிஸ்டரி என்ற கட்டளையோடு கழித்தல் ஏ, இரண்டாவதில் அதே கட்டளையோடு கழித்தல் என்.

இன்னொன்று: கண்ட்ரோல்+இசட் அழுத்தி 'அன்டூ செய்தேன், எடிட்டரே காணாமல் போய்விட்டது' என்றார் வேறொருவர். போகவில்லை, பின்னணியில் நின்றுகொண்டிருக்கிறது. எஃப்-ஜி என்று அடித்து என்டர் தட்டினால் விட்ட இடத்திலேயே திரும்ப வரும். ஷெல் வரியில் அன்டூ வேண்டுமென்றால் கண்ட்ரோலோடு அடிக்கோடு.