கிராம சபையில் உங்கள் கோரிக்கையைத் தீர்மானமாக ஏற்றுவது எப்படி? வேலூர் மாவட்டத்தில் முதல்முறை போகிறவர்களுக்கு

தெருவிளக்கு எரியவில்லை, கால்வாய் அடைத்துக்கொண்டது, டேங்க்கில் தண்ணீர் ஏறவில்லை என்றால் நம்மில் பலர் முதலில் தேடுவது ஊராட்சித் தலைவரின் போன் நம்பரைத்தான். அதில் தப்பில்லை. சின்ன வேலை என்றால் ஒரு போனிலேயே முடிந்துவிடும். ஆனால் ஊராட்சிப் பணம் இந்த வருஷம் எந்தத் தெருவுக்கு, எந்த வேலைக்குப் போக வேண்டும் என்பதில் உங்களுக்கும் ஒரு சொல் வேண்டும் என்றால், அதற்கான இடம் ஊராட்சி வாக்காளர்கள் எல்லோரும் கூடிப் பேசும் கிராம சபை. தலைவரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னது அவர் நினைவில் இருக்கும் வரைதான். சபையில் தீர்மானமாக ஏறியது ஊரின் முடிவாகப் பதிவேட்டில் நிற்கும். அதை எப்படி ஏற்றுவது என்று வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: உங்கள் வீடு எதில் சேர்ந்தது?

வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். மேலே மாநகராட்சியா, நகராட்சியா, பேரூராட்சியா, ஊராட்சியா என்று இருக்கும். சத்துவாச்சாரி, காட்பாடி, தொரப்பாடி எல்லாம் இப்போது 60 வார்டுகள் கொண்ட வேலூர் மாநகராட்சிக்குள். குடியாத்தமும் பேரணாம்பட்டும் நகராட்சிகள். பள்ளிகொண்டா, ஒடுகத்தூர், பென்னாத்தூர், திருவலம் பேரூராட்சிகள். மீதி ஊர்களெல்லாம் வேலூர், காட்பாடி, கணியம்பாடி, அணைக்கட்டு, குடியாத்தம், கே.வி.குப்பம், பேரணாம்பட்டு என்ற ஏழு ஒன்றியங்களில் வரும் கிராம ஊராட்சிகள். கிராம சபை கூடுவது இந்த ஊராட்சிகளில்தான்.

நகரத்தில் இருப்பவர்களுக்குப் பகுதி சபை இருக்கிறது. தமிழ்நாட்டில் முதல் பகுதி சபைக் கூட்டங்கள் 2022 நவம்பர் 1 அன்று நடந்தன. ஒவ்வொரு வார்டையும் சில பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். உங்கள் தெரு எந்தப் பகுதியில் வருகிறது, அடுத்த கூட்டம் எப்போது என்று கவுன்சிலரிடமோ மண்டல அலுவலகத்திலோ கேளுங்கள். கீழே சொல்லும் எழுத்து வேலையும் பின்தொடரும் வேலையும் அங்கும் அப்படியே பொருந்தும்.

படி 2: தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்

வருஷத்துக்கு ஆறு கூட்டம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முன்பு நான்காக இருந்தது. உலக தண்ணீர் தினமான மார்ச் 22-உம் உள்ளாட்சிகள் தினமான நவம்பர் 1-உம் 2022-இல் சேர்ந்தன. இவை தவிர சிறப்புக் கூட்டங்களும் நடப்பதுண்டு. இடமும் நேரமும் ஏழு நாள் முன்னதாகவே அறிவிக்கப்பட வேண்டும். ஊராட்சி அலுவலகச் சுவரில் பாருங்கள், இல்லையென்றால் ஊராட்சி செயலரைக் கேளுங்கள். குக்கிராமங்களில் மாறி மாறி, சுழற்சி முறையில் நடத்த வேண்டும். மதம் சார்ந்த வளாகத்தில் நடத்தக் கூடாது. "கூட்டம் எப்பவும் அந்தப் பக்கம்தான் நடக்குது, நாங்க எப்படிப் போறது" என்று ஒதுங்கி நிற்கும் காலனிக்காரர்களுக்கு இது முக்கியமான விதி. எங்கள் பகுதியில் ஒரு கூட்டம் வையுங்கள் என்று எழுதியே கேட்கலாம்.

அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் எல்லோரும் கிராம சபை உறுப்பினர்கள். யாரும் அழைக்க வேண்டியதில்லை. தலைவர் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் காலத்திலும் சபை கூடும். நம் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபரில்தான் நடந்தது. அதனால் தலைவர் பதவிக்காலம் முடியும் தேதி பெரும்பாலான மாவட்டங்களுக்கும் நமக்கும் ஒன்றல்ல. டிவியில் வேறு மாவட்டத்துச் செய்தியைக் கேட்டுவிட்டு நம் ஊரில் கூட்டம் இல்லை என்று இருந்துவிடாதீர்கள்.

படி 3: யாருடைய வேலை என்று பிரியுங்கள்

குடிநீர், தெருவிளக்கு, கழிவுநீர்க் கால்வாய், ஊருக்குள் இருக்கும் சாலை, சுடுகாடு, துப்புரவு: இவை ஊராட்சியின் சொந்த வேலை. பட்டா வருவாய்த் துறைக்குப் போகும். மின்கம்பம் மின்வாரியத்துக்கு.

நம் பக்கம் அதிகம் குழம்புவது ஏரி விஷயத்தில். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரி நீர்வளத் துறையிடம் இருக்கும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடம். பாலாற்றில் வெள்ளம் போன வருஷத்திலும் பக்கத்து ஏரி நிரம்பாமல் கிடக்கும். காரணம் பல இடங்களில் வரத்துக் கால்வாய் தூர்ந்து போனதோ ஆக்கிரமிப்போதான். அந்தக் கால்வாயை யார் தூர்வார வேண்டும் என்று முதலில் தெரிந்துகொண்டால் தீர்மானத்தைச் சரியான அலுவலகத்தின் பெயருக்கு எழுதலாம். வேறு துறை வேலையாக இருந்தாலும் கிராம சபை தீர்மானம் போட்டு அந்தத் துறைக்கு அனுப்பலாம். "அது நம்ம கையில இல்லம்மா" என்ற பதிலோடு யாரும் திரும்பி வர வேண்டியதில்லை.

படி 4: தீர்மானத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள்

எல்லாப் படிகளிலும் இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கூட்டத்தில் எழுந்து பேசுகிறவர்கள் பலர். கையில் எழுதிய தாளோடு வருகிறவர்கள் மிகக் குறைவு. பேசியதை வேறொருவர் எழுதும்போது "குடிநீர் வசதி மேம்படுத்தக் கோரப்பட்டது" என்று ஒரே வரியில் சுருங்கிவிடும். அதை வைத்து எந்த அதிகாரியிடமும் எதையும் கேட்க முடியாது.

இடம், பிரச்சினை, வேலை, யார், எப்போதுக்குள். இந்த ஐந்தும் இருக்க வேண்டும். ஒரு மாதிரி:

"நமது ஊராட்சி 3-வது வார்டு, பள்ளிக்கூடத் தெருவில் உள்ள மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் ஏணி உடைந்துள்ளதால் தொட்டியைச் சுத்தம் செய்ய இயலவில்லை. எனவே, ஏணியைப் புதிதாக அமைத்துத் தொட்டியைச் சுத்தம் செய்யும் பணியை ஊராட்சிப் பொது நிதியிலிருந்து மேற்கொள்ளவும், அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்குள் முடித்துச் சபைக்குத் தெரிவிக்கவும் தீர்மானிக்கப்படுகிறது."

இவ்வளவுதான். ஒரு தாளில் ஒரு விஷயம். இரண்டு பிரதி எடுத்து, கூட்டத்துக்குச் சில நாள் முன்பே ஒன்றை ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து, மற்றதில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கூட்டப் பொருளில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். போட்டோ இருந்தால் பிரிண்ட் போட்டு இணைத்துவிடுங்கள்.

படி 5: ஆட்களோடு போங்கள்

சபைக்குக் குறைவெண் வரம்பு, அதாவது குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு உண்டு. ஊராட்சியின் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். இந்த எண்ணிக்கை சேரவில்லை என்றால் கூட்டம் செல்லாது. அதனால் உங்கள் தெருவிலிருந்து பதினைந்து இருபது பேர் வந்தாலே உங்கள் பேச்சுக்கு எடை கூடிவிடும். மகளிர் குழுவில் ஒருவரிடம் சொன்னால் போதும், செய்தி வீடு வீடாகப் போய்விடும். நம் மாவட்டத்தில் நாகநதி ஆற்றுக்கு உயிர் கொடுத்த, மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் நீர்செறிவுக் கிணறுகளைக் கட்டியது 100 நாள் வேலைக்குப் போன கிராமத்துப் பெண்கள்தான். தண்ணீரைப் பற்றி அவர்களைவிட நன்றாகப் பேச யாரால் முடியும்? அவர்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

மே 1 கூட்டத்துக்கு வேலூர் வெயிலை நினைத்துப் பார்த்து வாருங்கள். தண்ணீர் பாட்டில், குடை இரண்டும் வேண்டும். சாமியானா இருந்தாலும் ஓரத்தில் உட்காருகிறவர்களுக்கு நிழல் தங்காது.

படி 6: கூட்டத்தில்

உள்ளே போனதும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார்கள். போடலாம், அது வருகைக்கு மட்டும். அரசுத் தரப்பில் கூட்டத்தைப் பார்வையிடும் பற்றாளர் ஒருவர் வந்திருப்பார். அவர் யார், எந்தத் துறை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

முதலில் வரவு செலவு. படிவம் 30 என்று சபையின் பார்வைக்கு வைக்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. வீட்டு வரியில் எவ்வளவு வந்தது, மோட்டார் பழுதுக்கு எவ்வளவு போனது, பிளீச்சிங் பவுடருக்கு எவ்வளவு என்று வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். சண்டை போடும் தொனி வேண்டாம். "தலைவரே, அந்த மோட்டார் செலவு எந்த போர்வெல்லுக்குன்னு கொஞ்சம் சொல்லுங்க" என்று கேட்டாலே போதும். பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி அது. தலைவர் பெண்ணாக இருக்கும் ஊரில் பதிலை அவரிடமே கேளுங்கள். பக்கத்தில் நிற்கும் கணவரிடமோ அண்ணனிடமோ கேட்காதீர்கள். சபைக்குத் தலைமை ஏற்கும் உரிமை அவருடையது, ஊரும் அதை மதிக்க வேண்டும்.

உங்கள் முறை வந்ததும் பெயர், வார்டு சொல்லிவிட்டுத் தாளை அப்படியே வாசியுங்கள். இரண்டு நிமிஷம் போதும். பழைய தகராறு, கட்சி, சாதி எதையும் இழுக்க வேண்டாம். இழுத்தால் கூட்டம் அதைப் பற்றியே பேசிக் கலைந்துவிடும், டேங்க் ஏணி அப்படியே கிடக்கும். வாசித்து முடித்ததும் "இதைத் தீர்மானமா எழுதுங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அப்புறம் உட்கார்ந்தே இருங்கள். பாதிப் பேர் பேசி முடித்த கையோடு கிளம்பிவிடுவார்கள். தீர்மானங்கள் எழுதப்படுவது கடைசியில்தான். "எழுதினதை ஒருமுறை சத்தமா வாசிச்சிடுங்க" என்று கேளுங்கள். உங்கள் தெருப் பெயரும் கெடுவும் இருக்கிறதா என்று காதால் கேட்டுவிட்டு, தீர்மான எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகு எழுந்திருங்கள்.

படி 7: விடாமல் பின்தொடருங்கள்

ஒரு வாரம் கழித்து ஊராட்சி செயலரிடம் தீர்மான நகல் கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். "இன்ன தேதி கிராம சபையின் இன்ன எண் தீர்மானத்தின் நகல், அதன் மீது எடுத்த நடவடிக்கை" என்று மட்டும் கேளுங்கள். "ஏன் செய்யவில்லை" என்று காரணம் கேட்டால் தட்டிக் கழிக்க இடம் கொடுத்ததாகிவிடும்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து முதலில் கேட்க வேண்டியது போன கூட்டத்துத் தீர்மானம் என்ன ஆனது என்பதைத்தான். இரண்டு கூட்டம் கடந்தும் அசையவில்லை என்றால் வட்டார வளர்ச்சி அலுவலரைப் பாருங்கள். அவருக்குப் பிறகு சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாள். அங்கே மனு மலையாகக் குவியும். நீங்கள் கொடுக்கும் மனுவின் முதல் வரியிலேயே தீர்மான எண்ணையும் தேதியையும் எழுதி, நகலைப் பின்னால் இணைத்துவிடுங்கள். மனு கொடுத்ததற்கான ரசீதை வாங்காமல் வராதீர்கள்.