கடலோர மனையா? கவர் பிளாக்கைக் குனிந்து பாருங்க
திருவொற்றியூர், காசிமேடு பக்கம் வீடு கட்டுறவங்க எலிவேஷனுக்கு (முகப்பு அழகுக்கு) முன்னாடி உப்புக்காத்தை யோசிங்க. எங்க வீட்டு சன்ஷேடு பத்தே வருஷத்துல அடியில வெடிச்சு, துருப்பிடிச்ச கம்பி பல்லைக் காட்டுச்சு. கம்பிக்கு மேல விரற்கடை கான்கிரீட்கூட இல்லை! கடற்காத்து நேரா படுற கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 (கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி) கேட்கிறது குறைஞ்சது எம்30ங்கிற வலிமைத் தரக் கலவை, 45 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடுற கான்கிரீட்டோட கனம். கான்கிரீட் போடுற அன்னைக்குக் கம்பிக்கு அடியில கவர் பிளாக் (அந்தக் கனம் கிடைக்கக் கம்பியைத் தூக்கி நிறுத்துற சின்னக் கட்டை) இருக்கான்னு நீங்களே பாருங்க. ஜல்லியை முட்டுக் கொடுத்தா விடாதீங்க. (மேஸ்திரி முறைப்பார், முறைக்கட்டும்.)

கோடையில மதியத்துக்கு மேல காத்து கிழக்கேயிருந்து வரும். அங்கே ஒரு ஜன்னல், எதிர்ச்சுவர்ல இன்னொண்ணு. தரைமட்டம் முடிவு பண்றதுக்கு முன்னாடி ஐப்பசி மழையில ஒரு தடவை மனையில போய் நில்லுங்க, தெருத்தண்ணி எங்கே தேங்குதுன்னு தெரியும்.