சால்டரிங் மேசைக்கு நான் தேர்ந்த நுண்ணோக்கி

மின்னணுப் பாகங்களை மின்சுற்றுப் பலகையில் ஈயத்தால் பற்றவைக்கும் சால்டரிங் வேலைக்கு, சென்னை ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைத்ததே என்று முதலில் யூஎஸ்பி டிஜிட்டல் நுண்ணோக்கி ஒன்றை வாங்கினேன். 1 மி.மீ. நீளமும் 0.5 மி.மீ. அகலமும் கொண்ட 0402 என்ற அளவுக் குறியீடுடைய கெபாசிட்டரை அதன் திரையைப் பார்த்துப் பற்றவைக்க முயன்றபோது, கை நகர்ந்த பிறகே படம் நகர்ந்ததாலும், சால்டரிங் அயர்னின் முனை பலகையைத் தொட்டதா, மேலே நிற்கிறதா என்பது தட்டையான படத்தில் புலப்படாததாலும், பக்கத்துப் பாகத்தையும் சேர்த்துப் பெயர்த்துவிட்டேன்.

பிறகு, இரு கண்களாலும் பார்க்கும் ஸ்டீரியோ நுண்ணோக்கிக்கு மாறினேன். அதில் 7 முதல் 45 மடங்கு வரை உருப்பெருக்கம் கிடைத்தது, ஆழமும் தெரிந்தது. ஆனால் வில்லைக்கும் பலகைக்கும் இடையே ஏறத்தாழ 10 செ.மீ. மட்டுமே இருந்தமையால் அயர்ன் அடிக்கடி இடித்தது. ஈயம் நன்கு ஒட்டுவதற்கான ஃபிளக்ஸிலிருந்து எழும் புகை வில்லையில் பிசுபிசுப்பாகப் படிந்தது. அடியில் 0.5 மடங்கு துணை வில்லையைத் திருகியதும் இடைவெளி 16 செ.மீ. அளவுக்கு உயர்ந்தது. உருப்பெருக்கம் பாதியாகக் குறைந்தது உண்மைதான். ஆயினும் பற்றவைக்கும்போது நான் 15 மடங்கைத் தாண்டுவதே அரிது (1000 மடங்கு என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கொடுப்பது வீண் என்பேன்).

எஞ்சியது வில்லையைச் சுற்றிப் பொருத்திய வளைய விளக்கின் கூச்சம். ஈயம் கண்ணாடிபோல் மின்னியதால், இணைப்பில் விரிசல் இருந்தும் கண்ணுக்குத் தப்பியது. டிரேசிங் தாளை வட்டமாக வெட்டி, நடுவில் துளையிட்டு விளக்கின் அடியில் ஒட்டினேன். இப்போது விரிசல் மயிரிழைபோல் தெளிவாகத் தெரிகிறது.