இடைக்கால இங்கிலாந்து நிலப் பத்திரங்கள்: படிக்கும்போது சறுக்கும் இடங்கள்

13ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய நிலப் பத்திரங்களில் 'தந்தேன், வழங்கினேன்' என்றுதான் லத்தீனில் எழுதியிருக்கும். உடனே தானம் என்று நம்பிவிடக் கூடாது. சில வரிகள் தள்ளி, 'இதற்காக அவர் எனக்கு 20 மார்க் கொடுத்தார்' என்று வரும். அதுதான் கிரயம். ஆனால் மார்க் என்று ஒரு நாணயத்தைத் தேடாதீர்கள். அது 160 பென்னிக்கு வைத்த கணக்குப் பெயர் மட்டுமே. எண்ணிக் கொடுத்தது வெள்ளிப் பென்னிகளை.

அதே பத்திரத்தில் 'ஆண்டுக்கு ஒரு ரோஜாப்பூ, புனித ஜான் திருநாளன்று' என்று இருந்தால் குத்தகை என்றும் முடிவுகட்ட வேண்டாம். வாங்கியவர் விற்றவருக்குக் கீழே நிலத்தை வைத்திருக்கிறார் என்பதற்கு அந்தப் பூ அடையாளம், அவ்வளவுதான். இப்படித் தனக்குக் கீழே ஒருவரை உட்காரவைத்து விற்கும் வழக்கத்தை 1290ஆம் ஆண்டுச் சட்டம் நிறுத்தியது.

என்னைக் கேட்டால் பெரிய தவறு, ஏன் விற்றார்கள் என்று கேட்காமல் விடுவதுதான். பல விற்பனைகளுக்குப் பின்னால் கடன் இருக்கிறது. 1194 முதல் யூதர்களிடம் வாங்கிய கடன்களின் பத்திரங்களை முக்கிய நகரங்களில் பூட்டிய பெட்டிகளில் வைத்தார்கள். கடனாளியின் நிலம் கைமாறினாலும் வில்லங்கம் கூடவே போகும். அதனால் அப்படிப்பட்ட நிலத்தை வாங்கிய மடாலயங்கள் கடனைத் தாங்களே தீர்த்து, கடன் கொடுத்தவரிடம் 'இந்த நிலத்தில் இனி எனக்கு உரிமை கோர ஒன்றுமில்லை' என்று எழுதி வாங்கிக்கொண்டன. இப்படி எழுதிக்கொடுத்த விடுதலைச் சீட்டுகள் சில எபிரேயத்திலேயே இருக்கின்றன. மடத்தில் மிஞ்சிய 'தான' சாசனத்தை மட்டும் படிப்பவருக்கு அங்கே பக்திதான் தெரியும். கேம்பிரிட்ஜில் டன்னிங் குடும்பத்தின் கல்வீடு 1270களின் தொடக்கத்தில் ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரி வசம் போனதும் குடும்பம் கடனில் நொடித்துப்போனதால்தான்.

1290இல் யூதர்களை நாடுகடத்தியதோடு கடனும் ஒழிந்தது என்பார்கள். அதெல்லாம் இல்லை. 1285ஆம் ஆண்டு வணிகர் சட்டப்படி மேயர் முன்னால் கடனை ஒப்புக்கொண்டவர் தவணை தவறினால், நிலம் கடன் கொடுத்தவர் கைக்குப் போகும். விளைச்சலிலிருந்து கடன் அடையும்வரை அவர்தான் அனுபவிப்பார்.

கடன் முறிகளில் உள்ள தொகையையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். '40 பவுண்டு கடன்பட்டிருக்கிறேன்' என்று எழுதி, குறித்த நாளில் 20 பவுண்டு கட்டினால் முறி செல்லாது என்று தனியே நிபந்தனை போடுவார்கள். உண்மைக் கடன் 20தான், மீதி பயமுறுத்தல்.

அப்புறம் சாட்சிகள். கடைசியில் பெயர்கள் வரிசையாக இருக்கும், ஆனால் கையெழுத்து இருக்காது. அந்தப் பட்டியலை எழுதியது எழுத்தர். பத்திரத்துக்கு உயிர் கொடுத்தது தொங்கும் மெழுகு முத்திரை.

தேதியில் இன்னொரு கண்ணி: அன்றைய ஆங்கிலேயருக்குப் புத்தாண்டு மார்ச் 25. ஆகவே பத்திரத்தில் '1300 பிப்ரவரி' என்றிருந்தால், நம் கணக்கில் அது 1301.